ஒத்தப்புளி விலக்கில் இறங்கிய வலி

கோமதிநாயகத்தின் இடதுகால் மூட்டுவலி, சாரல் பிடித்த ஒரு ஆனி மாதக் காலையில், ஊருக்குப் பாதை பிரிகிற ஒத்தப்புளி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டது. திருட்டுத்தனமாக ஒன்றும் இறங்கவில்லை, எல்லோரையும்போல முன்வாசல் வழியாகத்தான் இறங்கியது. அதற்கு முன்னால் கத்தரிக்காய்க் கூடையோடு ஒருத்தி இறங்கினாள், அதற்குப் பின்னால் குடையோடு மல்லுக்கட்டியபடி ஒரு வாத்தியார் இறங்கினார், நடுவில் இது இறங்கியது. கண்டக்டர் மைதீன் பிச்சை விசில் கொடுத்தார், கோமதிநாயகம் கிளட்சை மிதித்தார், கியரைப் போட்டார், வண்டி புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் மிதித்த காலில் வலி இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

பக்கக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார். விலக்கில் பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் பழைய சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு அதன் தலையில் ஒரு கல்லைப் படுக்கவைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன யாரோ ஒரு மகராசியின் பேரில், விறகுக்கட்டும் புல்லுக்கட்டும் சுமந்து வருகிறவர்கள் யாரையும் 'ஒரு கை பிடி' என்று கூப்பிடாமல் தாங்களே இறக்கிவைத்து இளைப்பாறிக்கொள்ளட்டும் என்று அந்தக் காலத்தில் நட்டது. அதன்மேல் அவருடைய வலி உட்கார்ந்திருந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இருட்டு அறைக்குள் ஆள் இருப்பது தெரியுமே, அப்படித் தெரிந்தது.

"அண்ணே, உங்க வலி இறங்கிட்டு போலருக்கே" என்றார் மைதீன் பிச்சை.

"பாத்தேன்" என்றார் கோமதிநாயகம். "அதுவா இறங்குனது, வேணும்னா அதுவா ஏறட்டும்."

அவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. அந்த வலியிடம் அவர் பட்ட பாடு அப்படி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கிளட்ச் மிதிக்கிற கால் அது. சேந்தன்குறிச்சிக்கும் மேலவரகூருக்கும் நடுவே எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையும் அந்த மூட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. கிளை மேலாளர் கூப்பிட்டு, "சாரல் முடிஞ்சதும் ஒரு நாள் அதிகாரிகளுக்கு முன்னால ஓட்டிக் காட்டணும், கால் ஒத்துக்கலைன்னா டிப்போ கேட்டுல நாற்காலி போட்டு உக்காந்துக்கிடுங்க" என்று தேன் தடவிச் சொல்லியிருந்தார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டிக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே கோமதிநாயகத்துக்குப் பயமாக இருந்தது. ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாத கை அவருடையது.

அந்தப் பயத்தில்தான் போன மாதம் மனைவி ஆவுடையம்மாளோடு பிசியோதெரபி பார்க்கிற ஜெனிட்டாவிடம் போயிருந்தார். ஜெனிட்டாவின் அறை மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மூட்டுவலிக்காரர்கள் வந்துபோகும் இடத்தை மாடியில் வைக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவனுக்கு நல்ல முழங்கால் இருந்திருக்க வேண்டும்.

"எப்ப இருந்து வலிக்கி அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

கோமதிநாயகம் வாயைத் திறக்குமுன் ஆவுடை சொன்னாள். "போன பங்குனி உத்திரத்துலருந்தும்மா. அதுக்கு முன்னாலயே உண்டு, வெளிய சொல்ல மாட்டாவ."

"காலையில எந்திரிக்கும்போது இறுகினாப்ல இருக்குமா?"

"இருக்கும்மா. கட்டில்ல உக்காந்து காலை நாலு ஆட்டு ஆட்டிட்டுத்தான் தரையில ஊனுவாவ."

"மாடிப்படி?"

"ஏறுறது பரவால்ல, இறங்கும்போதுதான் பல்லைக் கடிப்பாவ."

"நான் அண்ணாச்சிட்டல்லா கேக்கேன்க்கா."

"அவுகதான் சொல்லுதாவ" என்றாள் ஆவுடை, கொஞ்சமும் சிரிக்காமல்.

ஜெனிட்டா மூட்டை அமுக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். "பத்துக்கு எத்தனை வலி இருக்கும்? வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து."

வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள் என்று கோமதிநாயகம் எதிர்பார்க்கவில்லை. ஆம்பிளைக்கு எத்தனை மார்க் அழகு என்று யோசித்து, "மூணு போட்டுக்கிடுங்க" என்றார்.

"ஒம்போது போடும்மா" என்றாள் ஆவுடை.

பிறகு அவர் முறை வந்தது. வருஷக்கணக்காக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த கேள்விகளையெல்லாம் கொட்டினார். "படம் பாத்த டாக்டர் மூட்டு தேஞ்சுபோச்சுன்னாரு. தேஞ்சதைப் போட்டு இன்னும் ஆட்டுனா இன்னும்லா தேயும்?" டயர்தான் ஓட ஓடத் தேயும் அண்ணாச்சி, மூட்டு ஓடாமல் கிடந்தால்தான் இறுகும், சுற்றியிருக்கிற சதை பலமானால் அது தாங்கிக்கொள்ளும் என்றாள் அவள். "வெந்நி ஒத்தடமா, ஐஸா?" இறுகியிருந்தால் வெந்நீர், வீங்கியிருந்தால் ஐஸ். "இறுகியும் வீங்கியும் இருந்தா?" ஜெனிட்டா சிரித்துவிட்டாள். "மடக்கும்போது மடக் மடக்னு சத்தம் கேக்கே?" வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இடையில் ஆவுடை குனிந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "தரையில சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா கெடுதலாம்மா?"

"அண்ணாச்சி தரையிலயா உக்காருவாரு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கடைசியாகக் கோமதிநாயகம் கேட்டார். "எக்சர்சைஸ் செய்யும்போது வலிச்சா நிறுத்தணுமா, வலிச்சாலும் செய்யணுமா?"

"லேசா வலிச்சா செய்யலாம். குத்துச்சுன்னா நிறுத்திரணும். மறுநாளும் விடாம வலிச்சா கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

"லேசுன்னா எவ்வளவு?"

"அதை நான் எப்படிச் சொல்ல? உங்க வலிதான் சொல்லணும்."

வரும்போது இருந்ததைவிடக் கூடுதல் குழப்பத்தோடு அவர் படி இறங்கினார். பின்னால் ஆவுடை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கி வந்தாள். தனக்குத் துணையாக மெதுவாக வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த வலிதான் விலக்கில் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வரும்போதும் அது கல்மேலேயே, நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. கோமதிநாயகம் ஒவ்வொரு நடையிலும் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்து, பழைய பகையாளியைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவார்.

ஒத்தப்புளி ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலக்கில் டீக்கடை வைத்திருக்கிற சண்முகக்கனிதான் முதலில் பார்த்தவள். மழையில் நனைகிறதே என்று ஒரு பழைய சாக்கை எடுத்துக் கல்மேல் போட்டாள், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, நுங்கு விற்கப் போன ஒருத்தன், சும்மா இருக்கிற கல்தானே என்று தன் தோள்பட்டை வலியையும் அதன் பக்கத்தில் இறக்கிவைத்துப் பார்த்தான். அது பேசாமல் இருந்துகொண்டது, அவன் கையை வீசிக்கொண்டு போனான். அவ்வளவுதான், சேதி பஸ் ஏறியது. தையல்கடைக்காரர் கழுத்து வலியைக் கொண்டுவந்து வைத்தார், வடை மாஸ்டர் மணிக்கட்டு வலியை வைத்தார், கல்யாண வீட்டுச் சமையல்காரர் இடுப்பு வலியை ஆளை வைத்துத் தூக்கிவந்து வைத்தார், பெரிய பள்ளிக்கூடத்து டீச்சரம்மா குதிகால் வலியைக் கைக்குட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு, யாரையோ வழியனுப்ப வந்தவள்போல நின்றுவிட்டுப் போனாள். பல்வலியோடு வந்த ஒருவனை, இது மூட்டுக்கும் எலும்புக்கும் உள்ள கல், பல்லுக்கு வேறு இடம் பார் என்று ஊர் கூடித் திருப்பி அனுப்பியது.

கல் போதாமல் பக்கத்தில் பெஞ்சு போட்டார்கள், பெஞ்சுக்கு மேல் தகரக் கொட்டகை போட்டார்கள், கொட்டகை என்று வந்துவிட்ட பிறகு யார் பெருக்குவது என்று சண்டை போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருத்தி மஞ்சள் பூசினாள், ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றினாள், பள்ளிவாசல் சந்தனக்கூட்டுக்குப் போனவர்கள் வழியில் நின்று ஒரு கை பூவைப் போட்டுவிட்டுப் போனார்கள். வலிகளுக்கு எதில் நம்பிக்கை என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லாவற்றையும் செய்துவைத்தார்கள். மைதீன் பிச்சை, விலக்கு வருவதற்கு முன்பே, "வலி வச்சிருக்கவுகள்லாம் முன்னால வந்துருங்க, இறங்குறவுகளுக்கு வழி விடுங்க" என்று சத்தம் கொடுத்தார். சண்முகக்கனி ஓயாமல் டீ ஆற்றினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சுமைதாங்கி என்பது சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போவதற்கு உள்ளது. விட்டுவிட்டுப் போவதற்கு அல்ல. தலைச்சுமை தூக்கினவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்போது தலைச்சுமை தூக்குகிறவர்கள் இல்லை, கல் மட்டும் இருந்தது. யோசிக்கக்கூடியவன் ஒருவன் இருந்திருந்தாலும், அவனும் தன் முதுகுவலியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான்.

கோமதிநாயகம் எக்சர்சைஸை விட்டுவிட்டார். வலியே இல்லை, இனி எதற்கு? முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்து அமுக்க வேண்டிய துண்டு, பழையபடி குளித்துவிட்டுத் துவட்டப் போய்ச் சேர்ந்தது. படியை இரண்டிரண்டாகத் தாவினார். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். ஆவுடை மட்டும் சாயங்காலம் ஆனால் வழக்கம்போல எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவருவாள்.

"வலியே இல்லேங்கேன், இன்னும் எதுக்குட்டி எண்ணெய்?"

"சுடவச்சுட்டேன். சும்மா இருங்க" என்பாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், ரயில்வே கேட் மேட்டில், சிக்னலுக்கு நின்ற வண்டியை எடுக்கும்போது அவருடைய கால் அவரை ஏமாற்றியது. கிளட்சை மிதித்துத்தான் இருந்தார். மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்தார். கால் பாட்டுக்கு நழுவி, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்து, பின்னால் உருள ஆரம்பித்தது. உள்ளே எல்லோரும் கத்தினார்கள். மைதீன் பிச்சை குதித்து ஓடிப்போய்க் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தார். வண்டி நின்ற இடத்துக்கும் பின்னால் நின்ற பால்வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. கோமதிநாயகம் காக்கிப் பேண்ட்டை மேலே ஏற்றிப் பார்த்தபோது இடது மூட்டு தேங்காய்போல வீங்கிக் கிடந்தது, தொட்டால் சுட்டது, ஆனால் வலிக்கவில்லை. அன்றைக்கு அவர் பயந்தது போல ஒருபோதும் பயந்ததில்லை.

"எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"தெரியலையே. வலிச்சால்லா தெரியும்."

அவள் தொடைச் சதையைப் பிடித்துப் பார்த்தாள். அது இளைத்துப்போய்த் தொளதொளவென்று இருந்தது. "வலி எங்க?"

"ஒத்தப்புளி விலக்குல இருக்கு."

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் ஜெனிட்டா, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்பதைப்போல. "வலி இல்லாம எதுவரைக்கும் மடக்கணும், எங்க நிறுத்தணும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்பல்லாம் பாதிப் பேரு இப்படித்தான் வெறுங்காலோட வாராவ. நான் என்னத்தைச் செய்ய?"

அவர் மைதீன் பிச்சையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக்குள் வலிகள் கல்யாணப் பந்திபோல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. கோமதிநாயகம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், ஒன்றைத் தூக்கி மாட்டினால் தோள் இழுத்தது, இன்னொன்றைத் தூக்கினால் குதிகால் சுரீர் என்றது. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, அல்லது ஒன்றுகூட ஒன்றுபோல் இல்லை, எதுவென்று சொல்லத் தெரியாமல் தலை சுற்றியது.

"சொந்த வலியை அடையாளம் தெரியாமலா ஒரு மனுசன் இருப்பான்?" என்று சண்முகக்கனி டீக்கடையிலிருந்து கேட்டாள்.

அவர் அவமானத்தில் குறுகிப்போனார். அவள் கேட்டது நியாயம்தான். இத்தனை வருஷமும் பல்லைக் கடித்தாரே தவிர, அதன் முகத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பார்க்கிற வேலையை வேறொருத்தி செய்துகொண்டிருந்தாள்.

அப்போது, கல்லின்மேல், தன்னுடையது முதல்நாள் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்த ஒரு வலி, அவரைத் தெரிந்ததுபோல லேசாக அசைந்தது. கையை நீட்டியதும் வளர்த்த ஆட்டுக்குட்டிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. இதுதான், இதுதான் என்று அவர் மாட்டிக்கொண்டார். அது போய் வலது மூட்டில் உட்கார்ந்தது.

"எனக்கு இடதுல்லா?" என்றார் கோமதிநாயகம்.

மைதீன் பிச்சை கொஞ்சம் யோசித்தார். "இறங்கும்போது வண்டியப் பாத்து இறங்கியிருக்கும், இப்ப ரோட்டப் பாத்து ஏறியிருக்கும்ணே. அதான் வலம் இடம் மாறிட்டு."

அந்தக் குழப்பத்தில் இதுவும் சரியாகத்தான் பட்டது.

ஆனால் அது விசித்திரமான வலியாக இருந்தது. வண்டி ஓட்டும்போது சாதுவாகக் கிடக்கும். ஓட்டிமுடித்து ஓரிடத்தில் உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மூட்டுக்குள் யாரோ திருகாணியை முறுக்குவதுபோல இருக்கும். விடியுமுன், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டதும், அவரை முந்திக்கொண்டு அது எழுந்துவிடும். குடத்தைத் தூக்காமலே குடத்தின் கனம் மூட்டில் இறங்கும். சாயங்காலம், ஆவுடை எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிற நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். எதற்கு அந்த நேரத்தில் என்று அவருக்கு விளங்கவே இல்லை. இன்னொன்றும் உண்டு. இது சத்தம் போடாத வலி. அவருடைய பழைய வலி வந்தால் 'ஆ' என்று வாய் திறந்துவிடும். இது வந்தால் உதடு தானாக மூடிக்கொண்டது.

ஜெனிட்டா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கிளட்ச் மிதிச்சா வலிக்கலையா?"

"இல்ல. உக்காந்து எந்திரிச்சாத்தான்."

"இது உங்களுது இல்ல அண்ணாச்சி. இது தரையில சம்மணம் போட்டே காலத்தைக் கழிச்ச வலி. யாருதுன்னு பாத்துக் குடுத்துருங்க. இதை வச்சு நான் உங்க காலைப் பாத்தா உங்களுக்கும் ஆகாது, அந்த ஆளுக்கும் ஆகாது."

"அப்ப என்னுது எங்க?"

ஜெனிட்டா அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். மதியச் சாப்பாடு முடிந்து ஆவுடை வழக்கம்போலச் சுவரோரம் பீடித் தட்டை மடியில் வைத்து, இலையை எடுத்து, தூளைப் போட்டு, சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பார்த்துவரும் காட்சிதான், அதனாலேயே அவர் பார்த்திராத காட்சி. எப்போதும் சம்மணம் போட்டு உட்காருகிறவள் இப்போது வலது காலை மட்டும் மடித்து, இடது காலைச் சுவர்வரை நீட்டி வைத்திருந்தாள்.

வெளியே தெருமுனை வேகத்தடையில் ஒரு பஸ் வேகம் குறைந்தது. டிரைவர் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. ஆவுடையின் இடது பாதம் சுவரை ஒரு அமுக்கு அமுக்கி, நிதானமாக எடுத்தது.

கோமதிநாயகம் தலையைத் தூக்கினார். அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்தார். அது வந்தது, கியர் மாறியது, அந்தப் பாதம் மறுபடியும் சுவரை அமுக்கி எடுத்தது. ஆவுடையின் கண் பீடியில்தான் இருந்தது. ஆனால் வாய் திறந்து, 'ஆ' என்றது. அது அவருடைய 'ஆ'.

"ஆவுடை" என்றார். "அந்தக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"கிளட்ச் மிதிக்கே."

அவள் காலை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"எப்ப எடுத்தே?"

"அது இறங்குன அன்னைக்கே. மைதீன் தம்பி சொல்லித் தெரிஞ்சு, கடைசி பஸ் போன பொறவு ஆட்டோ புடிச்சுப் போனேன்" என்றாள். "மழையில நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. பாத்ததுமே உங்களுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருசம் எண்ணெய் தேச்சவளுக்குத் தெரியாதா? எவனாவது தெரியாம தூக்கிட்டுப் போயிட்டா நாளைப்பின்ன எங்க போய்த் தேட? அதான் நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

கோமதிநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரியத் தொடங்கியது, அது புரியாமலே இருந்திருக்கலாம் போலிருந்தது. "அப்ப மறுநாள் நான் கண்ணாடியில பாத்தது? கல்லுல உக்காந்திருந்தது?"

"ரெண்டையும் சுமக்க முடியல" என்றாள் ஆவுடை. "அதான் என்னுதை அங்க இறக்கி வச்சேன்."

ஆனி முழுக்க, ஒவ்வொரு நடையிலும், பகையாளியென்று நினைத்து அவர் பார்த்துச் சிரித்தது அதைத்தான். இப்போது அவருடைய வலது மூட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதும் அதுதான். சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணம் வரும்போது அது ஏன் உச்சத்துக்குப் போனது என்று அவருக்கு இப்போது தெரிந்தது. அவருடைய காலுக்கு எண்ணெய் தேய்க்க அவள் குத்தவைத்து உட்காருகிற நேரம் அது.

"வண்டி உருண்டுச்சுன்னு மைதீன் தம்பி சொன்னதும் உங்களுதைக் குடுத்திரணும்னுதான் இருந்தேன்" என்றாள். "அதுக்குள்ள நீங்க என்னுதைத் தூக்கி மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னியளா, எனக்கு என்ன சொல்லன்னே ஓடல. எதை யாருட்ட கேக்க?"

"எத்தனை வருசமா இருக்கு இது?"

"எது?"

"இந்த வலிதான்ட்டி."

"நீங்க கேட்டதே இல்லையே" என்றாள் ஆவுடை. குறையாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால், வராது என்பாளே, அப்படிச் சொன்னாள். முகத்தைத் துடைக்கக் கோமதிநாயகத்துக்குக் கிடைத்தது எக்சர்சைஸ் துண்டுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், வேறொரு டிரைவர் ஓட்ட, இருவரும் பயணிகளாக விலக்குக்குப் போனார்கள். வலியை வீட்டுக்குள் வைத்து மாற்றிக்கொள்ளலாமா கூடாதா என்று இருவருக்கும் தெரியவில்லை. இறக்கி ஏற்ற என்று ஒரு கல் இருக்கும்போது எதற்கு வம்பு என்று கிளம்பிவிட்டார்கள். ஆவுடை முதலில் அவருடையதைக் கல்மேல் இறக்கினாள். அவர் எடுத்து மாட்டினார். இடது மூட்டில் சுரீரென்று ஏறி, வீக்கத்தின் முழு வலியும் ஒரே மூச்சில் இறங்கியதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "வந்துட்டியா, வா" என்றார், ஊருக்குப் போன தம்பி திரும்பியதைப்போல.

பிறகு அவளுடையதை இறக்கவேண்டிய நேரத்தில் அவர் இறக்கவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்."

"ரெண்டையும் வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுவியளா?"

"ஓட்டுவேன்."

"கேட்டுல உக்காந்து கதவுதான் திறப்பிய. தாங்க இங்க." அவள் கையை நீட்டினாள். "எனக்கு எங்க நிறுத்தணும்னு அதுதான சொல்லணும்?"

அவர் இறக்கினார். நாலு பேர் பார்க்க ஒரு பெண்பிள்ளை தன் வலியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு, சண்முகக்கனி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, பெஞ்சின் கோடியில் கிடந்த தன் முழங்கை வலியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டாள். அந்த வாரத்தில் தையல்கடைக்காரர் வந்தார், டீச்சரம்மா வந்தாள், சமையல்காரர் ஆள் வைத்துத் தூக்கிப்போனார். தப்பாக எடுத்ததும் திருப்பித் தந்ததுமாக ஆவணி முடியும்வரை ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. கேட்பாரில்லாத ஒன்றிரண்டு இன்னும் கொட்டகையில் இருக்கின்றன, சாரல் அடித்தால் யாராவது சாக்கு எடுத்துப் போடுகிறார்கள்.

கோமதிநாயகம் தொடைச் சதை திரும்பும்வரை லீவு போட்டுவிட்டு, வீக்கம் வடிந்து, துண்டைச் சுருட்டி அமுக்கி அமுக்கி, சாரல் முடிந்து அதிகாரிகளுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார். ரயில்வே கேட் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். கால் வலித்தது. எதுவரை மிதிக்கலாம், எங்கே விட வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே வந்தது, அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஸ்டியரிங் அவரிடமே இருந்துவிட்டது.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. வலிகளை மாற்றிக்கொண்ட அன்றைக்கு அவர்கள் விலக்கிலிருந்து நேரே மருந்துக்கடை மாடிக்குத்தான் போனார்கள். படி ஏறும்போது கோமதிநாயகம் பின்னால் ஏறினார். முன்னால் ஆவுடை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

ஜெனிட்டா அவரை உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலியை ஆவுடைக்கு இழுத்துப் போட்டார். "முதல்ல இவளைப் பாருங்க."

"எப்ப இருந்து வலிக்கிக்கா?"

ஆவுடை வாயைத் திறந்தாள். தன் வலியைப் பற்றி ஒருவர் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. பழக்க தோஷத்தில் அவரைப் பார்த்தாள்.

"ரொம்ப வருசமாம்மா" என்றார் கோமதிநாயகம். "வெளிய சொல்ல மாட்டா."

"காலையில இறுகினாப்ல இருக்குமா?"

"இருக்கும். குழாய்ல தண்ணி வார சத்தம் கேட்டதுமே புடிச்சிக்கிடும். குடத்தைத் தூக்கும்போது உள்ளுக்குள்ள இறங்கும். உக்காந்து எந்திரிக்கும்போது திருகும். சாயங்காலம் குத்தவச்சா உயிர் போகும்."

ஆவுடை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அக்காட்டல்லா கேக்கேன் அண்ணாச்சி" என்று சிரித்தாள் ஜெனிட்டா. பிறகு ஆவுடையின் மூட்டைப் பிடித்து மெல்ல மடக்கினாள். "பத்துக்கு எத்தனை இருக்கும்க்கா?"

ஆவுடை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லம்மா. ரெண்டு, மூணு இருக்கும்."

"ஒம்போது போடுங்க" என்றார் கோமதிநாயகம்.